பிலாத்து கல்லும் ஜம்பைக் கல்வெட்டும்

காரைக்குடியில் கடவுள் மறுப்பு நேற்று யூடியூபில் வந்து இறங்கிய சரக்கு அல்ல. பகத் சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழில் கொண்டுவந்த ஜீவா, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பக்கத்துச் சிராவயலில்தான் ஆசிரமம் நடத்தினார். 1927-இல் காந்தி அங்கே வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார். சுயமரியாதைக் கூட்டங்கள் செட்டிநாட்டுத் தெருக்களுக்குப் பழக்கமானவை. காவடிக்கும் நகரக் கோயிலுக்கும் எவ்வளவு பேர் போன ஊரோ, குறுக்குக் கேள்விக்கும் அவ்வளவு பேர் போன ஊர் இது. ஆனால் அந்தக் காலத்துக் கேள்வி பெரும்பாலும் "கடவுள் உண்டா, மதத்தால் யாருக்கு லாபம்" என்ற வகை. இப்போது மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளை செல்பேசியை நீட்டிக் கேட்பது வேறு. "சார், இயேசுன்னு ஒருத்தர் இருந்ததுக்கே ஆதாரம் இல்லையாமே? மித்ரா சாமி கதையத்தான் காப்பி அடிச்சாங்களாமே? கான்ஸ்டன்டைன் ராஜா ஓட்டெடுப்பு வச்சு அவர கடவுள் ஆக்கினாராமே?"

இந்த மூன்றும் வரலாற்றுக் கேள்விகள். "விசுவாசம் வேணும் தம்பி" என்று தோளைத் தட்டி அனுப்பினால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வகுப்புக்கு வராது, வந்தாலும் கேட்காது. கிறிஸ்தவத்தின் தொடக்கம் பற்றி இப்போது சுற்றிவரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை சான்றுகளுக்கு முன்னால் நிற்பதில்லை என்பது என் கட்சி. அதோடு இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் தரப்பில் மேடைக்கு மேடை எடுத்து வீசப்படும் சான்றுகளிலும் சில நிற்பதில்லை. சொத்தையை நாமே பொறுக்கி எறிந்துவிட்டால் மிச்சத்தின் கனம் கேட்பவருக்கே தெரியும்.

முதலில், இருந்தாரா இல்லையா. இயேசு கற்பனைப் பாத்திரம் என்ற வாதத்தை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் புரூனோ பவர் போன்றவர்கள் கிளப்பினார்கள். இன்று பல்கலைக்கழகங்களில் பழங்கால வரலாறு கற்பிப்பவர்களிடம் அதற்கு ஆதரவு கிட்டத்தட்ட இல்லை. கிறிஸ்தவத்தைக் கடுமையாக விமர்சிக்கும் அமெரிக்க ஆய்வாளர் பார்ட் எர்மன், தன்னைக் கடவுள் பற்றி அறியமுடியாதவர் என்று சொல்லிக்கொள்பவர், இந்த ஒரு விஷயத்தில் சந்தேகவாதிகளை மறுத்துத் தனி நூலே எழுதியிருக்கிறார்.

ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஏறத்தாழ கி.பி. 116-இல் எழுதுகிறார். 64-இல் ரோம் நகரம் எரிந்தபோது நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் தலையில் போட்டதைச் சொல்லவந்தவர், அந்தப் பெயருக்குக் காரணமான கிறிஸ்து திபேரியு அரசர் காலத்தில் பொந்தியு பிலாத்துவால் கொல்லப்பட்டவர் என்று போகிற போக்கில் குறிப்பிடுகிறார். கிறிஸ்தவத்தை அவர் அழைப்பது கேடு கெட்ட மூடநம்பிக்கை என்று. வேண்டாத ஆள் கொடுக்கும் சாட்சி அது.

யோசேப்பஸ் விஷயத்தில் மட்டும் நாம் நிதானமாக இருக்க வேண்டும். யூத வரலாற்றாசிரியரான அவருடைய நூலில், 93 வாக்கில் முடிந்தது, இயேசு இரண்டு இடத்தில் வருகிறார். முதல் இடத்தில் "இவரே மெசியா", அதாவது யூதர்கள் எதிர்பார்த்த மீட்பர், என்றும், மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றும் இருக்கிறது. நம் பேச்சாளர்களுக்கு அது கரும்பு. ஆனால் கடைசிவரை யூதராகவே இருந்த ஒருவர் அப்படி எழுதியிருக்க முடியாது. 3-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜனே, யோசேப்பஸ் இயேசுவை மெசியாவாக ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஆக, பிற்காலக் கிறிஸ்தவ எழுத்தர் கை அதில் பட்டிருக்கிறது. அடியில் யோசேப்பஸின் சொந்த வரிகள் கொஞ்சம் உண்டு என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. இருந்தாலும் விவாதத்தில் அதை முதல் சாட்சியாக நிறுத்தினால் எதிர்த்தரப்பு ஒரே நிமிடத்தில் கவிழ்த்துவிடும்.

நிறுத்த வேண்டிய சாட்சி அடுத்த இடத்தில் இருக்கிறது. 62-இல் யூதேயாவின் ரோம ஆளுநர் பெஸ்து இறந்துபோக, புது ஆளுநர் வந்துசேராத இடைவெளியில், தலைமைக் குரு அன்னா என்பவர் அவசரமாக மன்றத்தைக் கூட்டி, "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு" என்பவரைக் கல்லால் எறிந்து கொல்ல வைக்கிறார். இந்த அத்துமீறலுக்காக அன்னாவின் பதவி மூன்றே மாதத்தில் பறிபோகிறது. யோசேப்பஸுக்கு அக்கறை அன்னாவின் பதவி பறிபோன கதையில்தான். யாக்கோபு அதில் வந்துபோகும் ஒரு பெயர், இயேசு அந்தப் பெயருக்கு ஓர் அடையாளம், அவ்வளவே. புகழ்ச்சி ஒரு வார்த்தை இல்லை. இட்டுக்கட்டி நுழைப்பவர் இப்படிச் சப்பென்று நுழைக்கமாட்டார். யோசேப்பஸ் பிறந்தது 37-இல், ஜெருசலேமில், குருக்கள் குடும்பத்தில். யாக்கோபு கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 25 இருக்கும்.

இப்போது திருத்தூதர் பவுலின் கலாத்தியர் கடிதத்தை எடுங்கள். பவுல் எழுதியதுதான் என்று நாத்திக ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்ளும் கடிதங்களில் ஒன்று, 50-களில் எழுதப்பட்டது. முதல் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார்: மனம் மாறி மூன்று ஆண்டு கழித்து ஜெருசலேம் போனேன், கேபாவோடு (பேதுருவின் இன்னொரு பெயர்) 15 நாள் தங்கினேன், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைத் தவிர வேறு திருத்தூதரைப் பார்க்கவில்லை, கடவுள் சாட்சியாக நான் சொல்வது பொய்யல்ல. அதே யாக்கோபு. பவுல் கிறிஸ்தவர், யோசேப்பஸ் கிறிஸ்தவத்தோடு ஒட்டுறவு இல்லாத யூதர். இருவரும் ஒருவரை ஒருவர் படித்து எழுதியதற்கு அடையாளம் இல்லை. இருவருக்கும் தெரிந்த ஒரு மனிதர், இயேசுவின் சகோதரர் என்ற அடையாளத்தோடு ஜெருசலேமில் நடமாடியிருக்கிறார். கூடப் பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா என்பது கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையாருக்கும் நடுவே உள்ள பஞ்சாயத்து; அதை இங்கே இழுக்க வேண்டாம். இல்லாத ஆளுக்கு உறவுக்காரர் இருக்க முடியாது என்பது போதும்.

அந்த 15 நாளில் கேபாவிடமும் யாக்கோபிடமும் பவுல் என்ன கேட்டிருப்பார்? கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரம் அதற்குத் துப்பு தருகிறது. 54 வாக்கில் எழுதிய அந்தக் கடிதத்தில், தான் பெற்றுக்கொண்டதையே உங்களிடம் ஒப்படைத்தேன் என்று ஒரு சிறு பட்டியலைத் தருகிறார். கிறிஸ்து இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார், கேபாவுக்குத் தோன்றினார், பிறகு பன்னிருவருக்கு. மனப்பாடத்துக்கு வசதியான அளவெடுத்த வாய்பாடு. இயேசுவின் சாவு 30 அல்லது 33-இல். இந்த வாய்பாடு அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே உருவாகிவிட்டது என்பதை, நம்பிக்கையைத் துறந்த ஜெர்மன் ஆய்வாளர் கெர்ட் லூடெமன்கூட மறுக்கவில்லை. சீடர்கள் கண்டது மனக்காட்சி என்பது அவர் விளக்கம். அதைப் பிறகு பார்ப்போம். தலைமுறை தலைமுறையாகக் கதை ஊதிப் பெருத்து இயேசு கடவுளானார் என்ற சித்திரத்துக்கு இந்த ஒரு பத்தி இடைஞ்சல். ஊதுவதற்குக் காலமே இல்லை.

"நற்செய்திகள் 40, 50 வருடம் கழித்துத்தானே எழுதப்பட்டன?" ஆம். மாற்கு 70-ஐ ஒட்டி, யோவான் நூற்றாண்டின் கடைசியில். இந்த இடைவெளி பெரிதா என்று செட்டிநாட்டுக்காரரிடம் கேட்டால் வேறு பதில் வரும். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது கடை கண்ணி, வயல், பெட்டகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காடும் மலையுமாக நடந்து வந்தவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பத்தில் உண்டு. 1980-களில் அவர்கள் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி சொல்லும் நாள் கணக்கும் ஐயா சொல்லும் நாள் கணக்கும் ஒத்துப்போகாது. வழியில் காலராவில் இறந்தது சித்தப்பாவா கணக்கப்பிள்ளையா என்று சண்டைகூட வரும். ஆனால் பர்மாவிலிருந்து யாரும் நடந்தே வரவில்லை என்று எவரும் அவர்கள் முன்னால் சொல்லிவிட முடியாது. கூட நடந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், உள்ளே கண்டது ஒரு தூதரையா இருவரையா என்பதில் நான்கு நற்செய்திகளும் முட்டிக்கொள்வது இந்த ரகம். முட்டலே இல்லை என்று சாதிப்பவர்களைக் கண்டால்தான் எனக்குச் சங்கடம். வாய்மொழி நினைவு கூட்டும், குறைக்கும், வரிசை மாற்றும். ஆனால் நடுவில் இருக்கும் சம்பவத்தை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குவதற்கு, பார்த்தவர்கள் எல்லாரும் போய்ச்சேர்ந்திருக்க வேண்டும்.

அதிலும் அந்தச் சம்பவம் சிலுவைச் சாவு. ரோமர் அடிமைக்கும் கலகக்காரனுக்கும் வைத்திருந்த தண்டனை அது. மரத்தில் தொங்குபவன் சபிக்கப்பட்டவன் என்பது யூதர்களின் திருச்சட்டம். ரோமில் பலத்தீன் குன்றுச் சுவரில் யாரோ கிறுக்கிவைத்த பழைய படம் ஒன்று இருக்கிறது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், கீழே கைதூக்கி நிற்கும் ஓர் ஆள், "அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் கேலி வரி. மெசியாவைக் கற்பனையில் செய்ய உட்காருபவர் இந்த அவமானத்தைத் தேர்ந்தெடுத்துத் தன் தலையில் கட்டிக்கொள்வாரா?

இனி காப்பி அடித்த கதை. ரோமப் பேரரசில் வணங்கப்பட்ட மித்ராஸ் என்ற சாமி கன்னியிடம் பிறந்தார், 12 சீடர் வைத்திருந்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்று பகிரப்படும் படங்களில் உள்ள எதுவும் மித்ராஸ் வழிபாட்டின் சான்றுகளில் இல்லை. அந்த வழிபாட்டினர் சாமி கதையை எழுதிவைத்த நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை நிலத்தடிக் கோயில்களும், காளையைக் குத்திக் கொல்லும் சிற்பங்களும், கல்வெட்டுகளும்தான். அவற்றில் மித்ராஸ் பாறையிலிருந்து வளர்ந்த ஆளாகவே வெளியே வருகிறார். ரோமப் பேரரசில் அந்த வழிபாட்டின் தடயங்கள் பெரும்பாலும் கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தொடங்குகின்றன. அதற்குள் பவுல் கடிதம் எழுதி முடித்து இறந்தும்போய்விட்டார். எகிப்தின் ஹோருஸ் சாமி கன்னியின் மகன் என்ற கதையும் அப்படியே. இறந்த கணவர் ஒசிரிஸின் உடலைத் தேடிச் சேர்த்து ஐசிஸ் கருவுறுகிறாள். அதில் கன்னி எங்கே வந்தாள்?

டிசம்பர் 25 விஷயத்தில் மட்டும் எதிர்த்தரப்பு சொல்வதில் பாதி சரி. இயேசு பிறந்த நாளை எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. அந்தத் தேதியில் கிறிஸ்து பிறப்பைக் காட்டும் மிகப் பழைய பதிவு ரோமில் 336-ஐச் சேர்ந்தது. பேரரசர் அவுரேலியன் வெல்லப்படாத சூரியனுக்குக் கோயில் கட்டியது 274-இல். சூரிய விழாவின் மேல் திருச்சபை தன் விழாவை வைத்ததா, மார்ச் 25-இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் எண்ணி வந்ததா என்று அறிஞர்கள் இரண்டு கட்சி. எப்படி இருந்தாலும் விழா நாளை 4-ஆம் நூற்றாண்டில் வைத்ததால், 1-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆள் இல்லாமல் போய்விடமாட்டார். இமயமலையில் இயேசு படித்தார் என்ற கதைக்கு இத்தனை வரிகூட வேண்டாம். 1894-இல் நோட்டோவிச் என்ற ரஷ்யர் லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் சுவடி பார்த்ததாகச் சொன்னார். அடுத்த ஆண்டே ஒரு பேராசிரியர் நேரில் போய் விசாரிக்க, மடத்துத் தலைமை லாமா அப்படி ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டார்.

கான்ஸ்டன்டைன் கதை 2003-இல் வந்த ஓர் ஆங்கில நாவலால் ஊரெல்லாம் பரவியது. 325-இல் நிசேயாவில் பேரரசர் ஆயர்களைக் கூட்டியது உண்மை. அங்கே சண்டை ஆரியுஸ் என்ற குருவின் போதனை பற்றியது. ஆரியுஸும் இயேசுவைச் சாதாரண மனிதர் என்று சொல்லவில்லை. உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்தவர், ஆனால் தந்தையால் படைக்கப்பட்டவர் என்றார். கடைசியில் கையெழுத்துப் போட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர். எந்த நூல் திருவிவிலியத்தில் சேரும் என்பது அங்கே பேசப்படவே இல்லை. நான்கு நற்செய்திகள்தான் என்று ஆயர் இரனேயு 180 வாக்கிலேயே வாதிட்டுவிட்டார். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளபடி பட்டியலிட்டது ஆயர் அத்தனாசியு 367-இல் எழுதிய மடல்.

நிசேயாவுக்கு 200 ஆண்டுக்கும் முன்னால், இன்றைய துருக்கியின் வடக்கே ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜானுக்கு எழுதிக் கேட்கிறார். ஆண்டு 112 வாக்கில். இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்திருக்கிறார், அவர்கள் சபையில் பணிப்பொறுப்பு வகித்தவர்கள். விசாரணையில் அவருக்குத் தெரிந்தது: குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகக் கொண்டு பாட்டுப் பாடுகிறார்கள். கான்ஸ்டன்டைனின் தாத்தாவே பிறந்திராத காலம் அது.

விவிலியத்தை மாற்றிவிட்டார்கள் என்ற புகாரைத் தீர்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. தேவகோட்டையில் ஒரு சி.எஸ்.ஐ. வீட்டிலிருந்து பழைய பரிசுத்த வேதாகமத்தையும் பக்கத்துக் கத்தோலிக்கர் வீட்டிலிருந்து 1995-இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் வாங்கி, யோவானின் முதல் கடிதம் 5:7-ஐ ஒப்பிட்டாலே போதும். முன்னதில் பரலோகத்தில் சாட்சியிடும் மூவர் என்று பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி வருவார்கள். பின்னதில் அந்த வரி இருக்காது. பழைய கிரேக்கச் சுவடிகளில் அது இல்லை என்பதே காரணம். மாற்கு 16-இன் கடைசி 12 வசனங்களும், யோவான் 8-இல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் சீனாய், வத்திக்கான் சுவடிகளில் இல்லை; அவை 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இதை யாரோ உளவு பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, பெரும்பாலான புதிய பதிப்புகளில் அடைப்புக்குறியிலோ அடிக்குறிப்பிலோ அச்சாகியிருக்கிறது. கிரேக்கச் சுவடிகள் 5,000-க்கு மேல் இருப்பதால்தான் எது பின்னால் ஒட்டியது என்று கண்டுபிடிக்க முடிகிறது. அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி இடைக்காலத்துப் பிரதிகள் என்பதையும் நம் பேச்சாளர்கள் சொல்லிவிட்டால் நல்லது. டாசிட்டஸின் மேற்படி சாட்சி நமக்குக் கிடைப்பது 11-ஆம் நூற்றாண்டின் ஒரே ஒரு சுவடியை நம்பித்தான். 1894-இல் உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவர் கையிலிருந்த ஏடுகளும் பாடிய புலவர்களுக்கு எத்தனையோ நூற்றாண்டு பிந்தியவை. அதற்காக அவ்வையைக் கட்டுக்கதை என்று நாம் தள்ளவில்லை.

அந்தப் புறநானூற்றில் அதியமான் நெடுமான் அஞ்சி வருகிறான். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு கிடைத்தது: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி". பாட்டில் இருந்த மன்னன் பாறையிலும் இருந்தான். இதற்கு 20 ஆண்டு முன்பு, 1961-இல், இஸ்ரேலின் செசரியாவில் ரோம அரங்கின் படிக்கட்டில் திருப்பிப் போட்டுக் கட்டியிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில் பொந்தியு பிலாத்துவின் பெயரும் யூதேயா ஆளுநர் என்ற பதவியும் கிடைத்தன. அதுவரை பிலாத்துவே கற்பனை என்று உலகம் நினைத்திருந்ததாக மேடையில் முழங்குவது மிகை. யோசேப்பஸும் யூத அறிஞர் பிலோவும் அவரைப் பற்றி ஏற்கனவே எழுதியிருந்தார்கள். ஜம்பைக் கல் அதியமான் இருந்தான் என்பதை உறுதிசெய்கிறது. நெல்லிக்கனி சாவை விலக்குமா என்று அதனிடம் கேட்க முடியாது. பிலாத்து கல்லும் ஆளுநரைக் காட்டும், உயிர்ப்பைக் காட்டாது. 1968-இல் ஜெருசலேமில் யோகனான் என்பவரின் எலும்புப் பேழையில் ஆணி பாய்ந்த குதிகால் எலும்பு கிடைத்ததும் இப்படியே. சிலுவையில் இறந்தவருக்கு முறையான அடக்கம் நடந்திருக்கவே முடியாது என்ற வாதம் அதோடு சரிந்தது. அதற்கு மேல் அந்த எலும்பு ஒன்றும் பேசாது.

விடை இல்லாத இடமும் உண்டு. இயேசு பிறந்த சமயத்தில் நடந்ததாக லூக்கா சொல்லும் குடிமதிப்பு குரேனியு ஆளுநராக இருந்தபோது, கி.பி. 6-இல் நடந்தது. மத்தேயுவின்படி இயேசு பிறந்தபோது ஏரோது உயிரோடு இருக்கிறான், அவன் கி.மு. 4-இல் இறந்தவன். இந்தப் பத்தாண்டு இடைவெளியை அடைக்கச் சொல்லப்படும் சமாதானங்கள் எதுவும் பெரும்பாலான வரலாற்றாசிரியர்களுக்குத் திருப்தி தரவில்லை. பிள்ளைகளிடம் அதை அப்படியே சொல்லிவிடலாம்.

கடைசியாக, சீடர்கள் செத்தார்களே, பொய்க்காக யாராவது சாவார்களா என்ற வாதம். திருவாடானைக்கு அந்தப் பக்கம் ஓரியூர் செம்மண் மேட்டில் பிப்ரவரி திருவிழாவில் இதைப் பிரசங்கத்தில் கேட்காத ஆண்டு குறைவு. அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ, சேதுபதி ஆட்சியில் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டார். அவருடைய கடிதங்கள் கையில் இருக்கின்றன; அந்தச் சாவில் சந்தேகம் இல்லை. மண் சிவந்தது அவர் இரத்தத்தால் என்பது பக்தி. சேலையில் முடிந்துகொண்டு போகிறவர்களிடம் நான் வழக்காடமாட்டேன். ஆனால் வாதமாக அதை வைக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். லிஸ்பனில் பிறந்த பிரிட்டோ உயிர்ப்பைக் கண்ணால் பார்க்கவில்லை. 1,600 ஆண்டு கைமாறி வந்ததை நம்பி உயிர் கொடுத்தார். எல்லா மதத்திலும், மதமே இல்லாத கொள்கையிலும் அப்படி உயிர் கொடுத்தவர்கள் உண்டு. பகத் சிங் கொடுக்கவில்லையா? அது உறுதியைக் காட்டும், உண்மையைக் காட்டாது.

யாக்கோபின் சாவு வேறு. இயேசு ஊர் ஊராகப் போதித்த நாளில் அவருடைய உறவினர்கள் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பிடித்துக்கொண்டு போகவே வந்தார்கள் என்கிறது மாற்கு 3. சகோதரர்கள் நம்பவில்லை என்கிறது யோவான் 7. குடும்பத்தைத் தலைகுனிய வைக்கும் இந்தச் செய்தியைச் சபை தானாக இட்டுக்கட்டியிருக்காது. அந்தக் குடும்பத்து ஆள்தான் பிறகு ஜெருசலேம் சபைக்குத் தலைவராகி, சொந்த ஊராரின் மன்றத்தில் நின்று, 62-இல் கல்லடி பட்டுச் சாகிறார். நடுவில் என்ன நடந்தது? பவுல் தரும் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது: "பிறகு யாக்கோபுக்குத் தோன்றினார்". பவுல் அந்த யாக்கோபை நேரில் சந்தித்தவர். தானும் முன்பு சபையைத் துன்புறுத்தியவர். மனக்காட்சி என்ற லூடெமனின் விளக்கம், துக்கத்தில் உடைந்துபோன பேதுருவுக்குப் பொருந்தலாம். நம்பாமல் ஒதுங்கியிருந்த உறவினருக்கும் எதிர்த்துக் கிளம்பிய பவுலுக்கும் அது ஏன் வந்தது என்பதற்கு அவர் குற்றவுணர்வை, உள்மனப் போராட்டத்தை எல்லாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நான் சொல்லும் விளக்கத்துக்கு இறந்தவர் எழுந்தார் என்று ஏற்க வேண்டியிருக்கிறது. முன்னதில் ஊகம் அதிகம், பின்னதில் விலை அதிகம். இறந்தவர் எழவே முடியாது என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டவருக்கு லூடெமன்தான் மிச்சம். அந்த முடிவை அவர் எடுத்தது 1-ஆம் நூற்றாண்டின் எந்தச் சுவடியையும் பார்த்து அல்ல. வகுப்பில் அந்தப் பிள்ளையோடு அடுத்துப் பேச வேண்டிய பேச்சு அதைப் பற்றியது; அதற்கு யோசேப்பஸும் டாசிட்டஸும் உதவமாட்டார்கள்.